படகு டிரெய்லருக்கு எட்டு பிளை டயர்: செட்டிநாட்டிலிருந்து ஒரு மதிப்புரை

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக் கடற்கரைக்கு ஃபைபர் படகை இழுத்துச் செல்லும் எங்கள் ஒற்றை அச்சு டிரெய்லருக்கு, சிறு சரக்கு வண்டிகளில் போடப்படும் 145 ஆர் 12 எல்.டி. (இலகு சரக்கு வண்டி), 8 பி.ஆர். (எட்டு பிளை வலிமை) வகை ரேடியல் டயர்களைப் பொருத்திச் சில கோடைகளும் மழைக்காலங்களும் கடந்துவிட்டன. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அளவில், இந்த எடைக்கு, நம் பகுதிக் கடைகளில் எளிதில் கிடைக்கும் டயர்களில் இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. ஆனால் டயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதை எந்தக் காற்றழுத்தத்தில் ஓட்டுகிறோம், ஓடாத மாதங்களில் எப்படி நிறுத்தி வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அது வெடிக்காமல் இருக்கும். படகு டிரெய்லரின் டயர் ஓடித் தேய்ந்து சாவது அபூர்வம்; பெரும்பாலும் நின்ற இடத்திலேயே கெட்டு, பிறகு ஒரு நாள் சாலையில் வெடிக்கிறது. டயர் வாங்கப் போகிறவர் கவனிக்க வேண்டியவை எல்லாம் இந்த ஒரு காரணத்திலிருந்துதான் வருகின்றன.

முன்பு அந்த டிரெய்லரில் இருந்தவை சிறிய காரின் டயர்கள். டிரெய்லரைச் செய்து கொடுத்த பட்டறை, பழைய கார் ஒன்றின் அச்சையும் சக்கரங்களையும் எடுத்துப் பொருத்தியிருந்தது. பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தது, பட்டனும், அதாவது தரையில் படும் ரப்பர் வரிப்பள்ளங்களும், ஆழமாகவே இருந்தது. மே மாத வெயிலில் திருவாடானையைத் தாண்டியதும் இடப்பக்க டயர் வெடித்தது. வேகம் குறைவு என்பதால் படகுக்கும் யாருக்கும் ஆபத்து இல்லை. டயரைக் கழற்றிப் பார்த்தபோது பட்டன் ஏறக்குறைய புதிதாகவே இருக்க, பக்கச்சுவர் மட்டும் வட்டமாக அறுந்து, விளிம்பு வளையம் தனியே, சட்டி எனப்படும் டயர் உடல் தனியே என்று கையோடு வந்தது. உள்ளே கைவிட்டால் கரித்தூள் போல ரப்பர் பொடி ஒட்டியது. ஆணி குத்திய அடையாளம் எங்கும் இல்லை.

அந்த ரப்பர் பொடிதான் முக்கியமான சாட்சி. காற்றுக் குறைந்த டயரோ, தாங்கும் அளவுக்கு மேல் எடை ஏறிய டயரோ ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவரில் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைந்த இடம் சுடுவதைப் போல அந்த மடிப்பும் சூடாகிறது. சூட்டில் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூலடுக்குக்கும் இடையிலான பிடி தளர்கிறது. உட்புறம் தேய்ந்து பொடியாக உதிர்கிறது. கடைசியில் பக்கச்சுவர் முழுதாக ஒரே நொடியில் அறுகிறது. வெளியே நின்று கேட்பவருக்கு அது வெடிச் சத்தம். ஆனால் உள்ளே அந்தச் சேதம் பல கிலோமீட்டர் தூரமாக நடந்துகொண்டிருந்திருக்கும். சொந்த வண்டியின் டயர் இறங்கினால் ஸ்டீயரிங்கில் தெரிந்துவிடும். பின்னால் வரும் டிரெய்லரின் டயர் இறங்குவது ஓட்டுநருக்குத் தெரிவதே இல்லை. சிறிய சக்கரம் என்பதும் இதில் சேர்கிறது. 12 அங்குல ரிம்மில் இந்த டயர் ஒரு கிலோமீட்டருக்கு 590 சுற்றுக்கு அருகில் சுற்றுகிறது. இழுக்கும் ஜீப்பின் 15 அங்குலச் சக்கரமோ அதே தூரத்துக்கு 450 சுற்றுச் சுற்றினால் போதும். அதே சாலையில், அதே வெயிலில், டிரெய்லர் டயர் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக மடங்கி நிமிர்கிறது.

டயர் வாங்குவதற்கு முன் எடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். படகின் எடையை விற்றவர் சொன்னதை வைத்துக் கணக்கிடுவது பயனற்றது. புதுவயலில் அரிசி ஆலைகளுக்கு நெல் ஏற்றி வரும் லாரிகளுக்கான எடை மேடையில், எஞ்சின், வலை, ஐஸ் பெட்டி, நங்கூரம், பெட்ரோல் கேன் எல்லாம் ஏற்றிய நிலையில் டிரெய்லரைத் தனியாக நிறுத்தி எடை பார்த்தோம். மொத்தம் 880 கிலோ. இதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின் வழியாக ஜீப்பின் மேல் இறங்குகிறது. மீதி 800 கிலோ இரண்டு டயர்களின் மேல். சரிபாதியாகப் பிரிந்தால் டயருக்கு 400 கிலோ. ஆனால் சரிபாதியாகப் பிரிவதில்லை. வலையும் ஐஸ் பெட்டியும் ஒரு பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் 440 வரை போகும். திரும்பி வரும்போது நனைந்த வலையின் எடை வேறு. பட்டறை போட்டுக் கொடுத்த கார் டயரின் பக்கச்சுவரில் 145/80 ஆர் 12 74 டி என்று எழுதியிருந்தது. 74 என்ற அந்தச் சுமைக் குறியீட்டின் பொருள் 375 கிலோ. படகை ஏற்றிய முதல் நாளிலிருந்தே அந்த டயர் தன் வரம்புக்கு மேல்தான் ஓடியிருக்கிறது.

மழைக்காலத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மூடாமல் நிறுத்திய படகுக்குள் ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கும். நான்கு மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது ஏறக்குறைய 240 கிலோ. அடைப்பானைக் கழற்றி நீரை வடிக்காமல் படகை இழுத்துச் சாலைக்கு வருகிறவர், இன்னும் மூன்று நான்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவதற்குச் சமம். வீட்டில் நிற்கும்போது அடைப்பானைக் கழற்றியே வைத்திருப்பது நல்லது. கடலில் இறக்கும் முன் மறக்காமல் மாட்ட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

டயர் கடைக்கு வருகிறேன். காரைக்குடியில் தேவகோட்டை செல்லும் சாலையில், சரக்கு வண்டிகளுக்கே பெரும்பாலும் வேலை செய்யும் ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயரை எழுதவில்லை. விளம்பரமாகிவிடக் கூடாது என்பது ஒரு காரணம். நான் சொல்லப்போகும் கேள்விகளைக் கேட்டால் எந்தக் கடையிலும் நல்ல டயர் வாங்க முடியும் என்பது மற்றொன்று. கார் டயர் வரிசையை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர், “அண்ணே, பேரையும் பட்டனையும் பார்க்காதீங்க. சைடுல நம்பர் என்ன போட்டிருக்குன்னு பாருங்க, அதுதான் உங்க படகைத் தாங்கும்” என்றார். பிறகு இரண்டு டயர்களை அருகருகே உருட்டி வந்தார். இரண்டும் 12 அங்குலம், இரண்டும் 145 அகலம், தூரத்தில் நின்று பார்த்தால் ஒரே டயர். ஒன்று கார் டயர், 74. மற்றொன்றில் எல்.டி. என்ற எழுத்தும், 8 பி.ஆர். என்பதும், 86/84 என்ற இரட்டை எண்ணும் இருந்தன. 86 என்றால் 530 கிலோ. ஒரு பக்கத்தில் ஒரே டயர் போடும்போது அந்த எண். 84, அதாவது 500 கிலோ, பின்பக்கம் இரட்டைச் சக்கரமாகப் போடும்போது. நம் டிரெய்லருக்கு முதல் எண்தான் பொருந்தும். எடை அதிகமாக விழும் பக்கத்தின் 440 கிலோவை இந்த 530 தாங்கும், இன்னும் 90 கிலோ மிச்சமிருக்கும். குழியில் விழுந்து எழும் கணத்தில் அந்த மிச்சம் வேண்டும்.

எட்டு பிளை என்ற பேச்சில் ஒரு தெளிவு வேண்டும். பக்கச்சுவரில் எட்டு அடுக்கு நூல் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். முன்காலத்தில் பருத்தி நூலடுக்குகளை எண்ணிச் சொன்ன வழக்கம் வலிமைக்கான குறியீடாக இன்றும் தொடர்கிறது. இன்றைய ரேடியல் டயரில் உண்மையான அடுக்குகள் அதைவிடக் குறைவாகவே இருக்கும். எனவே பிளையை வைத்து முடிவெடுக்காமல் சுமைக் குறியீட்டை வைத்தே முடிவெடுக்க வேண்டும். அடுத்து வரும் ஆங்கில எழுத்து வேகத்தைக் குறிக்கும்: எல் என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர், எம் என்றால் 130, என் என்றால் 140. படகை இழுத்துக்கொண்டு 60க்கு மேல் போகாத நமக்கு எந்த எழுத்தும் போதும்.

அமெரிக்காவில் டிரெய்லருக்கென்றே எஸ்.டி. என்ற எழுத்தோடு தனி டயர் விற்கிறார்கள். பக்கச்சுவர் விறைப்பாக, தள்ளாட்டம் குறைவாக இருக்கும்படி செய்யப்பட்டவை அவை. இணையத்தில் படகு டிரெய்லரைப் பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படுவதும் அந்த அறிவுரைதான். நம் ஊர்க் கடைகளில் அது கிடைப்பது அரிது. வரவழைத்தாலும் வழியில் வெடித்தால் மாற்று டயர் எங்கே வாங்குவது? எல்.டி. டயரோ திருவாடானையிலும் கிடைக்கும், தேவகோட்டையிலும் கிடைக்கும், ஏனென்றால் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் ஒவ்வொரு குட்டி யானையிலும் அதுதான் ஓடுகிறது. எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, சியட், ஜே.கே. என்று பெரிய நிறுவனங்கள் எல்லாமே சிறு சரக்கு வண்டிகளுக்கு டயர் செய்கின்றன. ஒரே சுமைக் குறியீடும் ஒரே வயதும் உள்ள டயர்களுக்குள் எந்தப் பெயரை எடுத்தாலும் எங்கள் பயன்பாட்டில் பெரிய வேறுபாடு இருக்காது என்பதே என் கருத்து. நைலான் டயரா ரேடியலா என்ற கேள்விக்கு மட்டும் தயக்கமின்றி ரேடியல் என்பேன். நைலான் டயரின் பக்கச்சுவர் முரட்டுத்தனமானது, கல்லில் உரசினால் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் ஓடும்போது அதிகம் சூடாகிறது, பல மாதம் ஒரே இடத்தில் நின்றால் தரையில் பட்ட பகுதி தட்டையாகிப் போய் முதல் சில கிலோமீட்டருக்குத் தடதடக்கிறது. வயலுக்குள் மட்டும் போகிற டிராக்டர் டிரெய்லருக்கு அது சரி. தேய்ந்த டயரின் மேல் புதுப் பட்டன் ஒட்டிய ரீபட்டன் டயரை டிரெய்லருக்குப் போடவே கூடாது என்று சொல்வேன். பழைய சட்டியின் வயதும் அது பட்ட சூடும் வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை.

வயது என்றேன். இந்த மதிப்புரையில் ஒரு பத்தியை மட்டும் படிக்க நேரமுள்ளவர் இதைப் படிக்கட்டும். டயரின் பக்கச்சுவரில், பெரும்பாலும் நீள்வட்டக் கட்டத்துக்குள், நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில், அதாவது ஜூன் தொடக்கத்தில் செய்தது. இந்த எண் ஒரு பக்கச்சுவரில் மட்டும் இருப்பதும் உண்டு. மாட்டிய பிறகு அது உள்பக்கம் போய்விட்டால் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். எனவே மாட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும், முடிந்தால் அந்தப் பக்கம் வெளியே வரும்படி மாட்டச் சொல்ல வேண்டும். கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்த டயர் புதியதுதான், தாள் கூடக் கிழிக்கவில்லை. ஆனால் எண்ணைப் பார்த்தால் கடை அலமாரியிலேயே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இருந்திருக்கிறது. தினமும் ஓடும் சரக்கு வண்டிக்கு அது பிரச்சினை இல்லை, ஓரிரு ஆண்டில் தேய்ந்து கழிந்துவிடும். எங்கள் டயரோ பட்டன் தேயும் முன் வயதாகிவிடும். அதன் ஆயுளில் மூன்று ஆண்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வாங்குவது நட்டம். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுளிக்காமல், மறுவாரம் வரும் சரக்கில் புதியதாகப் பார்த்து எடுத்து வைத்தார். இந்தக் கடைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி அந்த ஒரு வாரக் காத்திருப்புக்குத்தான்.

பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் தயாரித்து ஆறு ஆண்டு ஆனதும் டிரெய்லர் டயரை மாற்றிவிட வேண்டும் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். கார் டயருக்குப் பத்து ஆண்டை உச்ச வரம்பாக டயர் நிறுவனங்கள் சொல்வதுண்டு. நம் பகுதி வெயிலில், எடையோடு நின்றபடி இருக்கும் டயருக்கு அந்த வரம்பு பொருந்தாது. ரப்பருக்குள் சேர்க்கப்படும் மெழுகு போன்ற பாதுகாப்புப் பொருள், டயர் ஓடி மடங்கும்போது நன்றாக மேற்பரப்புக்கு வந்து காற்றிலுள்ள ஓசோனிடமிருந்து ரப்பரைக் காக்கிறது. ஓடாத டயரில் அது போதிய அளவு மேலே வருவதில்லை. அதனால்தான் தினமும் ஓடும் பேருந்தின் டயரில் இல்லாத கீறல்கள், கொல்லையில் நிற்கும் டிரெய்லரின் டயரில் வருகின்றன. கட்டை விரலால் பக்கச்சுவரை அழுத்தி வளைத்துப் பார்த்தால், தலைமுடி அளவுக் கீறல்கள் வாய் திறப்பது தெரியும். நகத்தின் நுனி உள்ளே இறங்கும் அளவுக்குக் கீறல் இருந்தால் அந்த டயரில் படகை ஏற்றக் கூடாது.

ரிம் பற்றிய செய்தி டயரைவிடக் குறைவானதல்ல. எல்.டி. டயரின் உச்சக் காற்றழுத்தம் எங்கள் டயரில் 450 கிலோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 65 பி.எஸ்.ஐ. கார் ரிம் இந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. எனவே பழைய கார் ரிம்மை வைத்துக்கொண்டு புதிய டயரை மட்டும் மாட்டித் தரச் சொல்லக் கூடாது; நல்ல கடையானால் மாட்டித் தரவும் மாட்டார்கள். சிறு சரக்கு வண்டியின் டிஸ்க்கை, அதாவது ரிம்மோடு கூடிய சக்கரத் தட்டை, வாங்கினோம். போல்ட் துளைகளின் இடைவெளி பொருந்தாததால் சக்கரத்தை அச்சோடு இணைக்கும் ஹப்பையும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது. டயருக்கு ஆன செலவைவிட இதற்கே அதிகம் ஆயிற்று என்பதை இந்த மாற்றத்தை யோசிப்பவர் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. வால்வு விஷயத்தையும் கடைக்காரரே எடுத்துச் சொன்னார். கார்களில் வரும் சாதாரண ரப்பர் வால்வின் வரம்பே 65 பி.எஸ்.ஐ. தான்; வெயிலில் ஓடிச் சூடாகி அழுத்தம் ஏறும்போது அது வரம்பைத் தாண்டும். சரக்கு வண்டிகளுக்கான உலோக வால்வைப் போட்டார். சில பத்து ரூபாய்தான் வேறுபாடு.

இப்போது காற்றழுத்தம். பக்கச்சுவரில் எழுதிய 530 கிலோ என்பது அந்த 65 பி.எஸ்.ஐ. இருந்தால்தான் உண்மை. அழுத்தம் குறையக் குறையத் தாங்கும் எடையும் குறையும். சாலையோரப் பஞ்சர் கடைகளில் சிறிய சக்கரத்தைப் பார்த்ததும் கேட்காமலே முப்பது அடித்து விடுகிறார்கள், ஏனென்றால் சிறிய காருக்கு முப்பதுதான் பழக்கம். முப்பதில் ஓடும் எல்.டி. டயர், பழைய கார் டயரைவிடச் சீக்கிரம் சூடாகி வெடிக்கும். எட்டு பிளை வாங்கிய பிறகும் வெடித்தது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது என்ன காற்று அடித்திருந்தீர்கள் என்பதைத்தான். டிரெய்லரின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் 65 என்று எழுதி வைத்திருக்கிறோம். யார் காற்று அடித்தாலும் அது கண்ணில் படும்.

அளக்க வேண்டியது காலையில், வண்டி ஓடுவதற்கு முன், நிழலில். 65 அடித்த டயர் 20 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடானால் அழுத்தம் ஏறக்குறைய 5 பி.எஸ்.ஐ. ஏறும், டயர் செய்தவர்கள் அதைக் கணக்கில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். நடுவழியில் அளந்து 70 காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடுவது, கெடுதலைக் காசு கொடுக்காமல் வாங்குவது. மாலையில் டயர் குளிர்ந்ததும் அது அறுபதுக்கு வந்து நிற்கும், மறுநாள் அப்படியே ஓடும். நைட்ரஜன் அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நாம் அடிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அதன் உண்மையான நன்மை ஈரமின்மை. ரிம்மின் உட்புறத் துரு சற்றுக் குறையும். தொண்டிக்குப் போகும் வழியில் இறங்கினால் நைட்ரஜன் கிடைக்காது, சாதாரணக் காற்று எங்கும் கிடைக்கும். எனவே நான் அதைத் தேடிப் போகவில்லை.

ஓட்டத்தில் இந்த டயர் எப்படி? படகோடு போகும்போது மிகத் திருப்தி. காரின் டயரில் இருந்த தள்ளாட்டம், எதிரே பேருந்து விரைந்து கடக்கும்போது டிரெய்லர் பக்கவாட்டில் அசையும் உணர்வு, இப்போது இல்லை. தேவகோட்டையில் நிறுத்திக் கையால் தொட்டால் டயர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. குறை என்றால், படகை இறக்கிவிட்டு வெறும் டிரெய்லரை இழுத்து வரும்போது துள்ளுகிறது. அந்த விறைப்பான டயருக்கு வெறும் சட்டத்தின் எடை ஒரு பொருட்டே இல்லை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சக்கரம் தரையை விட்டு எழும்பும் சத்தம் கேட்கிறது. அதனால் வெறும் டிரெய்லரோடு வரும்போது இன்னும் மெதுவாக வருகிறோம், விளக்குப் பலகையின் திருகுகளை அடிக்கடி முடுக்குகிறோம். சவாரி மென்மைக்காக அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாமா என்றால், வெறும் டிரெய்லருக்குக் குறைக்கலாம். ஆனால் மறுமுறை படகை ஏற்றும் முன் யாராவது ஒருவர் நினைவாக ஏற்ற வேண்டும். அந்த நினைவை நம்புவதைவிடத் துள்ளலைப் பொறுத்துக்கொள்வது மேல்.

இனி, டயரால் வராத டயர் வெடிப்பு. பாக் விரிகுடா ஆழமற்றது, தொண்டிக் கரை மெல்லச் சரிவது. படகு மிதக்க வேண்டுமானால் டிரெய்லரை நெடுந்தூரம் உள்ளே தள்ள வேண்டும். ஹப் முழுவதும் உப்புநீருக்குள் போய்விடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி வந்து சூடாக இருக்கும் ஹப்பை உடனே நீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, ஆயில் சீல் வழியாக உப்புநீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பேரிங் துருப்பிடிக்கிறது, இறுகுகிறது, சூடாகிறது. அந்தச் சூடு ரிம் வழியாக டயரின் விளிம்புக்குப் போகிறது. டயர் வெடித்ததென்று எல்லோரும் டயரைத் திட்டுவார்கள். உண்மையில் கெட்டது நூறு ரூபாய் சீல். எனவே கரைக்குப் போனதும் அரை மணி நேரம் நிறுத்தி, புறங்கையை வைக்கும் அளவுக்கு ஹப் ஆறிய பிறகே நீரில் இறக்குகிறோம். திரும்பியதும் நல்ல நீரால் ரிம், ஹப், அச்சு எல்லாவற்றையும் கழுவுகிறோம். ஹப் மூடியைத் திறந்து பார்க்கும்போது கிரீஸ் பால் கலந்த நிறத்துக்கு மாறியிருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். அப்போது பேரிங்கைக் கழற்றிக் கழுவி, கடல்நீருக்கு ஏற்ற கிரீஸை முழுதாக மாற்ற வேண்டும், மேலே பூசினால் போதாது.

துருவைக் காரைக்குடியில் இருப்பவர்கள் இலேசாக எடுத்துக்கொள்ள நியாயமில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி எனும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிமானத்தைத் தன் முக்கிய ஆய்வுத் துறைகளில் ஒன்றாகக் கொண்டது; கடல் அரிமானத்தைச் சோதிக்க மண்டபத்தில் அதற்குத் தனிக் களமே இருக்கிறது. கடலோரக் காற்றிலும் நீரிலும் இருக்கும் உப்பு, வெறும் பெயிண்ட் அடித்த இரும்பை எவ்வளவு வேகமாகத் தின்கிறது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. டிரெய்லரில் இதன் விளைவு டயரில்தான் முதலில் தெரிகிறது. ரிம்மின் விளிம்பில், டயர் உட்காரும் இடத்தில் துரு செதில் செதிலாக எழும்பினால், டியூப்லெஸ் டயர் அங்கே முழுதாக ஒட்டாது. வாரத்துக்கு மூன்று நான்கு பி.எஸ்.ஐ. ஓசையின்றிக் கசியும். ஆணி எங்கும் இல்லையே என்று தேடிக்கொண்டிருப்போம். ரிம்முக்குச் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த பூச்சு போடுவதே நிலையான வழி. பூச்சு கீறினாலும் துத்தநாகம் முதலில் தான் கரைந்து இரும்பைக் காக்கும். எங்கள் ரிம்முக்கு அந்தப் பூச்சு இல்லை. ஆண்டுக்கொரு முறை டயரைக் கழற்றி விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, துத்தநாக ப்ரைமர் அடிக்கிறோம். அடுத்த முறை ரிம் வாங்கினால் பூச்சோடு வாங்குவேன்.

மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகு வீட்டின் பின்கட்டை ஒட்டிய கொட்டகையில் நிற்கிறது. டிரெய்லர் சட்டத்தின் இரண்டு பக்கமும் மரக்கட்டை கொடுத்து, டயர்கள் தரையைத் தொடாதபடி ஜாக்கியால் ஏற்றிவிடுகிறோம். ஏற்ற முடியாதவர்கள் காற்றை முழு அழுத்தத்தில் வைத்து, மாதம் ஒருமுறை டிரெய்லரைக் கால் சுற்று உருட்டி நிறுத்தினாலே தட்டையாவது குறையும். சிமெண்டுத் தரையிலும் மண்ணிலும் நேரடியாக நிறுத்துவதைவிடப் பலகையின் மேல் நிறுத்துவது நல்லது. டயரைச் சாக்கோ வெள்ளைத் துணியோ கொண்டு மூட வேண்டும்; மேற்கு வெயில் படும் பக்கத்து டயரே முதலில் கீறுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பளபளப்புக்காக மண்ணெண்ணெய் அல்லது டீசல் தோய்த்த துணியால் டயரைத் துடைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது, அதைத் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். எண்ணெய் ரப்பரை உப்பவும் மென்மையாகவும் செய்யும், பாதுகாப்பு மெழுகையும் கரைத்துவிடும். சோப்பு நீர் போதும்.

சக்கரத்தை எப்போது கழற்றி மாட்டினாலும், முதல் ஐம்பது கிலோமீட்டருக்குப் பிறகு நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். புதிய ரிம் புதிய ஹப்பில் உட்காரும்போது பெயிண்ட் நசுங்கி, நட்டு தானாகவே தளர்ந்துவிடுகிறது. கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. சேவையில் நான் காணும் ஒரே குறை இது. மாட்டியதும் ஏர் கன்னால் இறுக்கிவிட்டு அனுப்பினார், கைஸ்பேனரால் சரிபார்க்கவில்லை. அந்தக் கன்னின் வேகத்தில் ஒரு நட்டு அளவுக்கு மீறி இறுகியிருந்தது, வழியில் கழற்ற வேண்டியிருந்தால் முடிந்திருக்காது. கடையை விட்டுக் கிளம்பும் முன் ஒவ்வொரு நட்டையும் கையால் ஒருமுறை தளர்த்தி, மறுபடி முடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

விலை, நாங்கள் வாங்கியபோது, டயர் ஒன்றுக்கு மூவாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். இரண்டுக்குப் பதில் மூன்று வாங்கினோம். ஜீப்பின் ஸ்டெப்னி டிரெய்லருக்குப் பொருந்தாது, எனவே டிரெய்லருக்கென்று தனி ஸ்டெப்னி வேண்டும். அதற்கும் அதே 65, அதற்கும் மூடி, அதற்கும் தேதி எண். கூடவே ஜாக்கியையும் ஸ்பேனரையும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். ஜீப்பின் ஸ்பேனர் டிரெய்லரின் நட்டுக்குப் பொருந்தவில்லை என்பதும், ஜீப்பின் ஜாக்கி, டயர் இறங்கித் தாழ்ந்து நிற்கும் டிரெய்லர் அச்சுக்கு அடியில் நுழையவில்லை என்பதும் சாலையோரத்தில் தெரிந்தால் பயனில்லை. நாங்கள் ஒரு டயரின் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, படகு ஏற்றிய நிலையில், கொட்டகையிலேயே சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்தோம். தாழ்ந்த ஜாக்கி ஒன்றும், முக்கால் அடிச் சதுரப் பலகை ஒன்றும், நட்டின் அளவுக்கு நீளமான பிடியுள்ள ஸ்பேனர் ஒன்றும் அதன் பிறகுதான் வாங்கினோம். அவை இப்போது டிரெய்லரின் முன்பக்கப் பெட்டியிலேயே இருக்கின்றன. ஜீப்பை மாற்றினாலும், வேறொருவர் வண்டியில் இழுத்துச் சென்றாலும், டிரெய்லரோடேயே போகும்.